விக்டோரியா கால விஞ்ஞானிகளின் டைரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், இங்கிலாந்தில் அறிவியலில் ஈடுபட்டிருந்த பலர் டைரி எழுதும் பழக்கம் வைத்திருந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவிமாரும் எழுதினார்கள். இந்த டைரிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளும் புத்தகங்களும் இருக்கும்போது டைரியைப் படிப்பது எதற்கு?

கட்டுரை எழுத உட்காரும்போது ஆராய்ச்சி முடிந்திருக்கும். எது வழி, எது முட்டுச்சந்து என்று தெரிந்தபிறகு, வழியை மட்டும் எழுதுவார்கள். டைரி எழுதுகிறவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் எனக்கு இந்த டைரிகளில் பிடித்த விஷயம்.

ஜான் டிண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கின்றன என்று அளந்து காட்டியவர். இன்று புவி வெப்பமாவதைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். 1861 பிப்ரவரியில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் அவர் ஆற்றிய பேக்கேரியன் சொற்பொழிவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்: நீளமான பித்தளைக் குழாய், அதன் முனைகளை அடைக்கப் பாறை உப்புத் தகடுகள் (கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுத்துவிடும், பாறை உப்பு தடுக்காது), நுட்பமான கால்வனோமீட்டர் (மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி), அட்டவணைகள். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பு, 1859 மே 18-ஆம் தேதி, அதே மனிதர் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: நாள் முழுக்கச் சோதனை செய்தேன், விஷயம் முழுவதும் என் கைக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. எட்டே நாளில் ராயல் சொசைட்டிக்கு முதல் குறிப்பை அனுப்பினார். ஜூன் 10-ஆம் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில், மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் தலைமையில் அதை மேடையிலேயே செய்து காட்டினார்.

கட்டுரையில் அந்த ஆச்சரியக்குறிக்கு இடமில்லை. அப்புறம் இன்னொன்று. விஷயம் கைக்குள் வந்துவிட்டது என்று அன்று அவர் எழுதினாலும், அது முழுதாக வந்து சேர இன்னும் ஒன்றரை வருட உழைப்பு மிச்சம் இருந்தது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நம்பிக்கை எவ்வளவு துணிச்சலானது என்று புரிகிறது.

எல்லா டைரியும் ஒரே மாதிரிதானா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் படித்தால் குழம்பிவிடும்.

ஆய்வுக்கூடக் குறிப்பேடு ஒரு வகை. இதில் உச்சம் மைக்கேல் ஃபாரடே. 1820-இலிருந்து 1862 வரை எழுதினார். பத்திகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டே போனார். கடைசி எண் 16,041. மின்காந்தத் தூண்டலைக் கண்ட 1831 ஆகஸ்ட் 29-ஆம் தேதிப் பக்கத்தில் இரும்பு வளையத்தின் படமும் கம்பிச் சுற்றுகளின் விவரமும் இருக்கின்றன. மனைவி சாராவைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ அந்தப் பக்கத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

பாக்கெட் டைரி இரண்டாவது வகை. கடையில் வாங்கிய, தேதி அச்சிட்ட சின்னப் புத்தகம். ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை. யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், எங்கே போனோம். முதல் பார்வைக்கு வறண்டதாகத் தெரியும். எனக்கு இந்த வகைமேல்தான் மதிப்பு அதிகம். நாலு வார்த்தையில் யாரும் நடிக்க முடியாது.

ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதும் டைரி மூன்றாவது. அன்று சந்தித்த ஆட்கள், கேட்ட பேச்சு, தன் குறைகள், எதிர்காலத் திட்டம் எல்லாம் வரும். கணித அறிஞர் ஹர்ஸ்டும் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் எழுதியது இந்த வகை. படிக்கச் சுவையானது. ஆனால் எழுதுகிறவர் தன்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எழுதுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு பேர் எழுதினார்கள்?

அச்சிட்ட டைரிகள் எளிதில் கிடைத்தது ஒரு காரணம். லண்டனில் ஜான் லெட்ஸ் 1812-இல் தொடங்கிய டைரி வியாபாரம் இந்தக் காலத்தில் பெரிதாக வளர்ந்திருந்தது. ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழித்தோம் என்று கடவுளுக்குக் கணக்குச் சொல்லும் புராட்டஸ்டன்ட் வழக்கமும் பின்னால் இருந்தது. கடவுள் நம்பிக்கை தளர்ந்தவர்கள்கூட கணக்கு எழுதுவதை மட்டும் விடவில்லை.

எனக்குப் படும் முக்கியக் காரணம் வேறு. டிண்டல், ஹர்ஸ்ட், ஹக்ஸ்லி மூன்று பேரும் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்தவர்கள் இல்லை. பெரிய குடும்பச் சொத்தும் கிடையாது. தங்களைத் தாங்களே படிக்க வைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இல்லாதபோது அந்த வேலையை டைரி செய்தது.

ஒரே ஒரு பக்கம்தான் படிக்க முடியும் என்றால் எதைப் படிக்கலாம்?

தாமஸ் ஹக்ஸ்லி 1856 டிசம்பர் 31 இரவு எழுதிய பக்கம். யோசிக்காமல் சொல்வேன்.

அப்போது அவருக்கு 31 வயது. ராட்டில்ஸ்னேக் என்ற கடற்படைக் கப்பலில் உதவி மருத்துவராக ஆஸ்திரேலியா பக்கம் நாலு வருடம் சுற்றியவர். 1847-இல் சிட்னியில் ஹென்ரியட்டாவைச் சந்தித்தார். அறிவியலை நம்பி ஒரு குடும்பம் நடத்தும் அளவு சம்பளம் இங்கிலாந்தில் கிடைக்காததால், 1855-இல்தான் திருமணம் செய்ய முடிந்தது. எட்டு வருடம். அறிவியல் அன்று ஒரு பிழைப்பாக எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒரு காத்திருப்பே போதும்.

அந்த வருடக் கடைசி இரவில் மனைவி பிரசவ வலியில் இருக்கிறார். ஹக்ஸ்லி எழுதும் அறையில் உட்கார்ந்து வாழ்க்கைத் திட்டம் போடுகிறார். 1860-க்குள் தன் துறைகளில் உறுதியாகக் காலூன்றிவிட வேண்டும், அதன்பிறகு பதினைந்து இருபது வருடம் தேர்ந்தவனாக உழைக்க வேண்டும் என்று எழுதுகிறார். எவ்வளவு பெரிய புரட்டாக இருந்தாலும் அடித்து வீழ்த்துவது, அறிவியலுக்கு ஒரு மேலான தொனியைத் தருவது, அற்பமான சொந்தச் சண்டைகளில் இறங்காமல் இருப்பது, பொய்யைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது, வேலை நடந்தால் போதும், அது தன்னுடையது என்று ஊர் ஒத்துக்கொள்கிறதா என்று கவலைப்படாமல் இருப்பது. இவைதாமா என் குறிக்கோள்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, 1860 காட்டும் என்று முடிக்கிறார்.

அதற்குக் கீழே: இரவு பத்தரை மணி, என் குழந்தைக்காகக் காத்திருக்கிறேன், இவையெல்லாம் நடக்கும் என்பதற்கு அந்தக் குழந்தையே பிணை என்று தோன்றுகிறது. பிறகு இன்னொரு வரி. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிறந்தது, கடவுளுக்கு நன்றி. பின்னாளில் கடவுளைப் பற்றித் தெரியாது என்பவர்களுக்கு 'அக்னாஸ்டிக்' என்று பெயர் வைத்தவர் எழுதிய வரி அது.

பையனுக்கு நோயல் என்று பெயர் வைத்தார்கள்.

1860 வந்தது. ஜூன் 30-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினின் கொள்கைக்காக பிஷப் வில்பர்ஃபோர்ஸை எதிர்த்துப் பேசி ஹக்ஸ்லி நாடறிந்தவரானார். போட்ட திட்டம் அப்படியே நடந்தது. செப்டம்பரில் நோயலுக்குச் செங்காய்ச்சல் வந்தது. 48 மணி நேரத்தில் போய்விட்டான். நாலு வயது முடியவில்லை.

செப்டம்பர் 20-ஆம் தேதி ஹக்ஸ்லி அதே டைரியை எடுத்து, அதே பக்கத்தில், பழைய வரிகளுக்குக் கீழே எழுதுகிறார். போன வாரம் இதே நாளில் இவனும் நானும் ஓடிப்பிடித்து விளையாடினோம். சனிக்கிழமை, பதினைந்தாம் தேதி இரவு, அவன் குளிர்ந்துபோன உடலைத் தூக்கிவந்து, நான் எழுதும் இந்த இடத்திலேயே கிடத்தினேன். ஞாயிறு இரவு அவன் அம்மாவும் நானும் இங்கே வந்து விடைகொடுத்தோம். அப்படியே ஆகட்டும் என்று, மனக்கசப்பு இல்லாமல் சொல்வதாக முடிக்கிறார்.

மூன்று நாள் கழித்து, ஆறுதல் கடிதம் எழுதிய சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியாருக்கு ஹக்ஸ்லி ஒரு நீண்ட பதில் எழுதினார். மறுமை உண்டு என்று நம்பச் சான்று இல்லாதபோது, துக்கத்தில் இருக்கிறேன் என்பதற்காக மட்டும் நம்ப மாட்டேன் என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் அறிவியல் வரலாற்றில் பலமுறை பேசப்பட்டது. டைரிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடிதத்துக்குப் போனால்தான், அந்த உறுதிக்கு அவர் கொடுத்த விலை தெரியும்.

ஹர்ஸ்ட் என்ற பெயரை அதிகம் கேள்விப்பட்டதில்லையே, அவர் டைரி ஏன் முக்கியம்?

தாமஸ் ஆர்ச்சர் ஹர்ஸ்ட் ஒரு கணித அறிஞர். 1830-இல் யார்க்‌ஷயரில் பிறந்தார். இங்கிலாந்து முழுக்க ரயில்பாதை போடும் வெறி பிடித்திருந்த 1840-களில், ஹாலிஃபாக்ஸ் நகரில் நில அளவையாளர் அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்த டிண்டல் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று தொடங்கிய நட்பு சாகும்வரை நீடித்தது. டிண்டலைப் பின்பற்றி ஹர்ஸ்டும் ஜெர்மனியில் மார்பர்க் போய் 1852-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பதின்ம வயதில் ஆரம்பித்த டைரியை 1892-இல் இறக்கும் காலம்வரை விடவில்லை.

பெரிய கண்டுபிடிப்பு எதற்கும் அவர் பெயர் சூட்டப்படவில்லை. ஆனால் முக்கியமான அறைகள் எல்லாவற்றிலும் அவர் உட்கார்ந்திருந்தார், பார்த்ததை எழுதினார். 1852-இல் பெர்லினில் கணித மேதை டிரிக்லேயைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு ஓர் எடுத்துக்காட்டு. உயரமான ஒல்லி உருவம், நரைக்கத் தொடங்கிய தாடி மீசை, கரகரத்த குரல், காது கொஞ்சம் மந்தம். குளிக்காமல், காப்பியும் சுருட்டுமாக இருந்தார். நேரம் மறப்பது அவர் வழக்கம். கைக்கடிகாரம் இல்லாத காலம், சட்டையிலிருந்து கடிகாரத்தை இழுத்துப் பார்ப்பார், மணி மூன்றைத் தாண்டியிருக்கும், சொல்ல வந்த வாக்கியத்தைக்கூட முடிக்காமல் ஓடிவிடுவார். டிரிக்லேயின் தேற்றங்களைப் படித்த எத்தனையோ பேருக்கு இந்த மனிதர் கிடைத்திருக்க மாட்டார்.

ஹர்ஸ்டின் டைரியில் எல்லோரும் தேடிப் போகும் பதிவு 1864 நவம்பர் மாதத்தில் இருக்கிறது. நவம்பர் 3, வியாழக்கிழமை மாலை, ஆல்பர்மார்ல் தெருவில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஹோட்டலில், ஒருவேளை கொஞ்சம் முக்கியமானதாக ஆகக்கூடிய ஒரு நிகழ்ச்சி நடந்தது என்று தொடங்குகிறார். டிண்டல், ஹூக்கர், ஹக்ஸ்லி, பஸ்க், ஃபிராங்க்லாண்ட், ஸ்பென்சர், லப்பக், தான் என்று எட்டுப் பேரின் பெயர். நட்பைத் தாண்டி எங்களைக் கட்டியது, மதக் கோட்பாடுகளின் தளை இல்லாத தூய, சுதந்திரமான அறிவியல்மேல் உள்ள ஈடுபாடு என்று ஒரு விளக்கம். பிறகு ஸ்பாட்டிஸ்வுட் சேர்ந்து ஒன்பது பேர் ஆனார்கள். பெயர் எக்ஸ் கிளப்.

ஹர்ஸ்டின் 'ஒருவேளை' பலித்தது. 1873 முதல் 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியில் ஹூக்கர், ஸ்பாட்டிஸ்வுட், ஹக்ஸ்லி என்று தொடர்ந்து மூன்று எக்ஸ் கிளப் ஆட்கள் இருந்தார்கள். திரைமறைவில் அறிவியலை ஆட்டிவைத்த சதிக்கூட்டம் என்று சிலர் பேசியது உண்டு. டைரியில் தெரிவது, மாதம் ஒருமுறை ராயல் சொசைட்டிக் கூட்டத்துக்குப் போகும் முன் ஒன்றாகச் சாப்பிட்ட நண்பர்கள். யாரை எந்தப் பதவிக்கு ஆதரிப்பது என்று அவர்கள் பேசாமல் இல்லை, பேசினார்கள். சாப்பாட்டு மேசைப் பேச்சு எப்படிக் கொள்கையாக மாறுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே இந்த டைரியின் பெருமை.

அவருடைய மனைவி ஆனா 1857-இல் பாரீஸில் காசநோயால் இறந்தார். கல்யாணமாகி மூன்று வருடம்தான். ஹர்ஸ்ட் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிந்தைய டைரிகளில் உடல்நலக் குறைவும் தனிமையும் அடிக்கடி தலைகாட்டுகின்றன.

டார்வின் டைரி எழுதினாரா?

பீகிள் கப்பலில் எழுதியது எல்லோருக்கும் தெரியும். அது விக்டோரியா அரியணை ஏறுவதற்கு முந்தையது. பிறகு 1838 ஆகஸ்டில், ஒரு சின்ன நோட்டில் தன் வாழ்க்கையின் தேதிகளைக் குறிக்க ஆரம்பித்தார். எந்தப் புத்தகத்தை எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், நோயால் எத்தனை நாள் வீணானது. உணர்ச்சி எதுவும் இருக்காது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் பிழைதிருத்தம் 1859 அக்டோபர் 1-ஆம் தேதி முடிந்தது, மொத்தம் பதின்மூன்று மாதம் பத்து நாள், 1,250 பிரதிகள் அச்சிட்டார்கள் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார்.

அவரிடம் இன்னொரு டைரி இருந்தது. 1849-இல் மால்வெர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லியிடம் தண்ணீர் வைத்தியம் பார்த்தார். ஈரத்துணி சுற்றுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது என்று கடுமையான முறை. அந்த வருடம் தொடங்கி 1855 ஆரம்பம்வரை உடல்நிலையைப் பகல், இரவு என்று பிரித்துக் குறித்துவந்தார். நன்றாக இருந்த நாளுக்கு இரண்டு கோடு, மாதக் கடைசியில் இரண்டு கோடுகளை எண்ணிக் கூட்டல். இதே வருடங்களில்தான் கொட்டலசுகளை (பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் சின்னக் கடலுயிர்கள்) ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து வகைப்படுத்திக்கொண்டிருந்தார். கொட்டலசுகளிடம் காட்டிய அதே பொறுமையைத் தன் வயிற்றிடமும் காட்டியிருக்கிறார். எந்த மருந்து வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள ஆறு வருடம் தன்னையே ஆய்வுப்பொருளாக வைத்திருந்தார், நோய் என்னவென்று கடைசிவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

பெண்கள் எங்கே?

கட்டுரைகளில் மட்டும் தேடினால் மிகச் சிலர்தான் கிடைப்பார்கள். டைரிகளைத் திறந்தால் எல்லா அறையிலும் இருக்கிறார்கள்.

டார்வினின் மனைவி எம்மாவின் பாக்கெட் டைரிகள் 60 மிஞ்சியிருக்கின்றன. 1824-இல் தொடங்கி, நடுவில் சில வருடங்கள் இல்லாமல், அவர் இறந்த 1896 வரை. பிள்ளைகளின் இருமல், கணவரின் வாந்தி, வந்துபோன விருந்தாளி, கேட்ட கச்சேரி. டவுன் கிராமத்து வீட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி நாற்பது வருடம் எப்படி நடந்தது என்று கேட்டால், பதிலில் பாதி இந்த வரிகளில் இருக்கிறது. 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி மால்வெர்னில் சாகக்கிடந்தபோது டார்வின் கூட இருந்தார். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, பயணம் செய்ய முடியாமல் வீட்டில் இருந்தார். அஞ்சலில் வரும் செய்திதான். ஆனி இறந்த ஏப்ரல் 23-ஆம் தேதிக் கட்டத்தில் எம்மா எழுதியது ஒரு நேரம் மட்டும்: 12 மணி.

மார்கரெட் ஹக்கின்ஸ் கதை வேறு வகை. இவருடைய கணவர் வில்லியம் ஹக்கின்ஸ், லண்டனுக்குத் தெற்கே டல்ஸ் ஹில்லில் வீட்டோடு சேர்ந்த வானாய்வுக்கூடம் வைத்திருந்தவர். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி. 1875-இல் இருவருக்கும் திருமணம். மார்கரெட் கணவருக்குக் கைவேலையில் உதவிய நல்ல மனைவி என்று ஊர் பேசியது, மார்கரெட்டும் அப்படியே பேசினார். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து வானாய்வுக் குறிப்பேட்டில் அவர் கையெழுத்து வருகிறது. பதிவுகள் விரிவாகின்றன. ஒளிப்படத் தகடுகளை எப்படிப் பொருத்துவது, எவ்வளவு நேரம் ஒளி படவிடுவது, எது சரிவரவில்லை என்று அவரே யோசித்து, செய்து, எழுதுகிறார். வரலாற்றாய்வாளர் பார்பரா பெக்கர் அந்தக் குறிப்பேடுகளைப் பொறுமையாகப் படித்து, இவர் சரிசமமான ஆய்வாளர் என்று காட்டினார். மார்கரெட் தன்னைப் பற்றி வெளியே சொன்னதையே அவருடைய குறிப்பேடு மறுக்கிறது. ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக்கியது 1945-இல். மார்கரெட் இறந்தது 1915-இல்.

மூன்றாவது பீட்ரிக்ஸ் பாட்டர். முயல் கதைகள் எழுதிப் புகழடைந்தவரேதான். அதற்கு முன் அவர் காளான்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து, வித்துகளை முளைக்கவைத்துப் பார்த்த ஆய்வாளர். 15 வயதிலிருந்து 30 வயதுவரை ஒரு டைரி எழுதினார், சங்கேத எழுத்தில், பொடிப் பொடியாக. லெஸ்லி லிண்டர் என்பவர் அதை உடைக்கப் பல வருடம் முயன்றார். 1958 ஈஸ்டர் திங்களன்று ஒரு பக்கத்தில் XVI என்ற ரோமன் எண்ணும் 1793 என்ற வருடமும் கண்ணில் பட்டன. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி தலை துண்டிக்கப்பட்ட வருடம்! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அவிழ்த்தார். டைரி 1966-இல் அச்சானது.

அதில் கியூ தாவரத் தோட்டத்துக்குப் போய்வந்த பதிவுகள் இருக்கின்றன. பீட்ரிக்ஸின் அத்தை கணவர், வேதியியலாளர் சர் ஹென்றி ராஸ்கோ, அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தார். இயக்குநர் திசெல்டன்-டயர் எப்படி அலட்சியமாகப் பேசினார் என்று பீட்ரிக்ஸ் கூர்மையாக எழுதிவைத்திருக்கிறார். அவருடைய கட்டுரை 1897 ஏப்ரல் 1-ஆம் தேதி லின்னேயன் சங்கம் என்ற உயிரியல் அறிஞர்கள் அமைப்பில் முன்வைக்கப்பட்டது. பெண் என்பதால் அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார முடியவில்லை. பிறகு கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அது இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த நாளை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று டைரியில் பார்க்கலாம் என்று ஆசையோடு புரட்டினால், கடைசிப் பதிவு 1897 ஜனவரி 31. இரண்டு மாதம் முன்பே நின்றுவிட்டது. முதல் தடவை அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் கொஞ்சமில்லை.

டைரியில் இருப்பதை அப்படியே நம்பலாமா?

வேண்டாம். எப்போது எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். டார்வினின் சின்ன நோட்டில் 1837 ஜூலை என்ற இடத்தில், இனங்கள் மாறுவதைப் பற்றிய முதல் குறிப்பேட்டைத் திறந்ததாகவும், தென் அமெரிக்கத் தொல்லுயிர் எச்சங்களும் கலாபகஸ் தீவின் உயிரினங்களும்தான் தன் எல்லாக் கருத்துகளுக்கும் மூலம் என்றும் இருக்கிறது. அந்த நோட்டையே 1838 ஆகஸ்டில்தான் தொடங்கினார். அதாவது திரும்பிப் பார்த்து எழுதிய வரி அது. பொய் என்று சொல்லவில்லை. நினைவும் ஒரு கட்டுரை மாதிரிதான், வேண்டாததை விட்டுவிடும்.

அதேபோல, நூல் வெளியான 1859 நவம்பர் 24-ஆம் தேதியிலேயே எல்லாப் பிரதியும் விற்றுப்போனது என்று அவர் குறித்திருக்கிறார். படிப்பவர்கள் கடைவாசலில் வரிசையில் நின்றதாக நினைத்துக்கொள்வோம். நடந்தது என்னவென்றால், வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன் நடந்த மொத்த விற்பனையில் புத்தகக் கடைக்காரர்கள் கேட்ட எண்ணிக்கை கையிருப்பைத் தாண்டிவிட்டது.

குடும்பத்தாரின் கத்தரிக்கோலும் உண்டு. டார்வினின் தன்வரலாற்றை 1887-இல் மகன் ஃபிரான்சிஸ் வெளியிட்டபோது மதத்தைப் பற்றிய சில பகுதிகளை எம்மாவின் விருப்பப்படி நீக்கினார். பேத்தி நோரா பார்லோ 1958-இல்தான் முழுசாக வெளியிட்டார். தன்வரலாறு டைரி இல்லைதான். ஆனால் அச்சில் வந்த பழைய டைரி எதையும், இதில் யார் எதை வெட்டினார்கள் என்று கேட்டுவிட்டுப் படிப்பது நல்லது.

தோற்றுப்போனவர்களும் தோல்விகளும் இந்த டைரிகளில் உண்டா?

கிடியன் மான்டெல் இருக்கிறார். லூயிஸ் என்ற ஊரில் மருத்துவர். பகலெல்லாம் நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் பாறைகள். 1825-இல் இகுவானோடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிவித்தவர். அவருடைய டைரி 1818 முதல் 1852 வரை போகிறது. விக்டோரியா காலப் பகுதி ஒரு நீண்ட சரிவு. சேர்த்த எலும்புகளை எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 4,000 பவுனுக்கு விற்றார். 1839-இல் மனைவி பிரிந்துபோனார். அடுத்த வருடம் மகள் ஹானா இறந்தாள். 1841-இல் வண்டி விபத்தில் முதுகெலும்பு கெட்டது. அந்த வலியோடு கடைசிவரை எழுதினார், ஆராய்ந்தார், உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனோடு சண்டை போட்டார். வலிக்காக எடுத்துக்கொண்ட அபினே 1852 நவம்பரில் உயிரை வாங்கியது.

தோல்வி என்றால் ஃபாரடேயின் கடைசிப் பதிவும் நினைவுக்கு வருகிறது. 1862 மார்ச் 12. சுடரில் உப்புகளை எரித்து, சுடரைப் பலமான மின்காந்தத்தின் நடுவில் வைத்து, அதன் நிறமாலைக் கோடுகள் மாறுகின்றனவா என்று பார்த்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்படியே எழுதி நிறுத்தினார். அந்த முயற்சியைப் பற்றி இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதியதைப் பல வருடம் கழித்துப் படித்த டச்சுக்காரர் பீட்டர் சீமன், அதைவிட நல்ல கருவிகளோடு 1896-இல் மறுபடி செய்து பார்த்தார். கோடுகள் அகன்றன. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பலிக்காத சோதனையை ஃபாரடே எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

இவையெல்லாம் எப்படித் தப்பிப் பிழைத்தன?

யாராவது ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால். ஃபாரடே தன் குறிப்பேடுகளை ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கே விட்டுச்சென்றார், அது 1932 முதல் 1936 வரை ஏழு பாகங்களாக அச்சிட்டது. மான்டெலின் டைரி நியூசிலாந்தில் குடியேறிய மகன் வால்டரோடு போய், இப்போது வெலிங்டனில் இருக்கிறது. ஹக்ஸ்லியின் கப்பல் டைரி அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1935-இல், பேரன் ஜூலியன் கையால் அச்சேறியது.

டிண்டலின் தாள்களைக் காத்தவர் மனைவி லூயிசா. 1893 டிசம்பரில், வழக்கமான மருந்து என்று நினைத்து, தூக்க மருந்தான குளோரலைத் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டார். கணவர் அன்றே இறந்தார். அதன்பிறகு 47 வருடம் உயிரோடிருந்து, அவருடைய டைரிகளையும் கடிதங்களையும் சேகரித்து, படியெடுத்து, வரிசைப்படுத்தினார். வாழ்க்கை வரலாற்றை அவரே எழுத நினைத்தார். கடைசிவரை முடிக்க முடியவில்லை. அது வெளிவந்தது 1945-இல், அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து.

நான் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

டார்வின், எம்மா இருவருடைய டைரிகளும் இணையத்தில் 'டார்வின் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலப் பக்கங்களின் படத்தையே பார்க்கலாம். டிண்டல், ஹர்ஸ்ட் டைரிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும், ஹக்ஸ்லியின் தாள்கள் இம்பீரியல் கல்லூரியிலும், ஹக்கின்ஸ் தம்பதியின் குறிப்பேடுகள் அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியிலும் இருக்கின்றன.

எம்மாவின் டைரியில் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து முதலில் மிரட்டும், இரண்டு பக்கம் போனால் பழகிவிடும். அதே மாதத்துக்கு டார்வின் எழுதிய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தேதி மட்டும் படித்தால் போதும். அவசரப்பட்டு அடுத்த தேதிக்குப் போகாதீர்கள், அவர்களாலும் போக முடியவில்லை.